தலை எண்ணும் நாள்

நாகரத்தினத்துக்கு ஐம்பத்தோரு வயது. அதில் இருபது வருடம் தலையில் மீன்கூடை இருந்தது. விடியுமுன் நாகப்பட்டினம் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு குடவாசல் வந்து, தெருத்தெருவாகக் கூவி விற்பாள். புருஷன் சிங்காரவேலு சுனாமிக்குப் பிறகு கடல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, காயும் கருவாட்டுக்குக் காக்கை விரட்டுவதே அவர் உத்தியோகம். போன வருடம் அவளுடைய வலது முட்டி மடங்க மறுத்துவிட்டது. கூடையை இறக்க ஆள் தேடி நிற்கவேண்டி வந்தது.

அப்போதுதான் ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் ஊருக்கு வெளியே பழைய நெல் குடோனை வாடகைக்கு எடுத்து, கூடை பின்னும் பட்டறை தொடங்கினார்கள். வாய்க்கால்களை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் தண்டுதான் சரக்கு. அதைக் காயவைத்து, திரும்ப ஈரச்சாக்கில் சுற்றிப் பதப்படுத்தி, கூடையாகவும் பெட்டியாகவும் பின்ன வேண்டும். ஊர்ப் பெண்கள் பத்துப் பேர், நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பத்துப் பேர். பொறுப்பாளர் வானதி மேடம் முதல் நாளே எல்லாரையும் கலைத்து, ஊர்க்காரி ஒருத்தி, முகாம்காரி ஒருத்தி என்று மாற்றி மாற்றி உட்காரவைத்தார்.

நாகரத்தினத்தின் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காரவில்லை.

"கருவாட்டுக் கொழம்பு கொதிக்குது போல இருக்கே," என்று மூக்கைப் பிடித்தாள் மாலதி. நாலு மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் வீட்டுப் பெண்.

"ஆமாண்டி. வீட்ல சோறு இருந்தா கொண்டா, பெசைஞ்சு தின்னுவோம்," என்றாள் நாகரத்தினம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் முகாமிலிருந்து வந்த தவமலர். ஐந்து வயதில் படகில் வந்து இறங்கியவள். முப்பத்தைந்து வருடமாகியும் பேச்சு மாறவில்லை. அவளுடைய விரல்கள் தண்டைத் தொட்டால், அது தானாகவே மடங்குவது போலிருக்கும். நாகரத்தினத்துக்கு அடிப்பின்னல் வரவே இல்லை. தவமலர் அவள் கூடையை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அடியைப் பின்னிக் கொடுத்துவிடுவாள்.

"நீங்கள் விளிம்பைப் பிடியுங்கோ அக்கா. உங்களுக்கு விளிம்பு வடிவா வரும்."

ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் இருபது பேரில் ஒருத்தியை மட்டும் மாதச் சம்பளத்துக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வார்கள். பயிற்சியாளருக்கு நாற்காலி உண்டு. தரையில் சம்மணம் போட்டு எழுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் நாகரத்தினம், அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு ஆறு மாதம் பின்னினாள். மற்றவர்கள் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள், அல்லது சுமாராகப் பின்னினார்கள். கடைசியில் மிச்சமிருந்தது இருவர். அவளும் தவமலரும்.

தேர்வு நாளில் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூடி போட்ட பெரிய பெட்டி ஒன்றை மாலைக்குள் முடிக்க வேண்டும். மூடிதான் சிக்கல். தண்டு ஈரமாக இருக்கும்போதே ஒரே மூச்சில் பின்னி முடித்துவிட வேண்டும். பாதியில் விட்டால், பின்னிய பாதி காய்ந்து இறுகிவிடும். அப்புறம் பின்னும் பாதி அதோடு ஒட்டாமல் மூடி கோணிக்கொள்ளும். பன்னிரண்டு மணிக்குத் தவமலரின் மூடி பாதி வந்திருந்தது. தாம்பாளம் போல வட்டம். நாகரத்தினம் தன்னுடையதைப் பார்த்தாள். தோசைக்கல் மேல் விழுந்த முதல் தோசை.

தண்ணீர் குடிப்பதற்காக வாசல் வரை போனாள். ரோட்டில் ஒரு மினி பஸ் நின்று கிளம்பியது. திரும்பி வந்து, தவமலரின் காதருகே குனிந்தாள்.

"ஏய் தவம், பஸ்ல போன யாரோ சொல்லிட்டுப் போறாங்க. முகாம்ல செக்கிங்காம். ஜீப்பு வந்து நிக்குதாம்."

முகாமில் மாதம் ஒருமுறை செக்கிங் உண்டு. அதிகாரி ஜீப்பில் வருவார். குடும்ப அட்டையோடு ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவர் பெயர் மேல் கோடு விழும். அரிசியும் உதவித்தொகையும் அதோடு நின்றுபோகும். அந்தக் கோட்டை அழிக்க மாதக்கணக்கில் படியேற வேண்டும். எப்போது வருவார்கள் என்று சொல்வதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால், முகாம்காரர்கள் அடுப்பில் கொதிப்பதைக்கூட இறக்காமல் ஓடுவார்கள்.

இது நாகரத்தினத்துக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோது ஒருநாள் தலை எண்ண வந்தார்கள். அவள் அன்று ஆஸ்பத்திரிப் பிணவறையில், வரிசையாகக் கிடந்த பிள்ளைகளில் தன் மகன் யுவனைத் தேடிக்கொண்டிருந்தாள். எண்ண வந்தவர்கள் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவளுக்கு மகனும் கிடைக்கவில்லை, கட்டிக்கொடுத்த வீடும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரிக்கு அவள் போன இடம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தவமலர் மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வியர்த்து வழியத் திரும்பி வந்தாள். "ஒருத்தரும் வரேல்லை அக்கா. ஆரோ பொய் சொல்லியிருக்கினம்," என்றாள். மூடியை எடுத்து நனைத்துப் பார்த்தாள், பிரித்துப் பின்னிப் பார்த்தாள். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சென்னைக்காரர் அதைப் பெட்டி மேல் வைத்து, விரலால் தட்டினார். ஆடியது. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

நாகரத்தினம் பயிற்சியாளர் ஆனாள். ஊரில் 'டீச்சர்' என்றார்கள். மாலதிகூடச் சொன்னாள், மூக்கைப் பிடிக்காமல். முகாமிலிருந்து தவமலர் மட்டும் தினக்கூலிக்குப் பின்ன வந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடிப்பின்னல் காட்டவேண்டி வந்தால், நாகரத்தினம் நாற்காலியில் இருந்தபடி, "தவம், நீ காட்டு" என்பாள். தவமலரும் காட்டுவாள்.

தை மாதத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நாள் குறைவாக இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர் மறுநாள் வரவேண்டாம் என்று வானதி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேடம் பட்டறைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நாகரத்தினத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளும் காகிதம், கையெழுத்துக்காக அந்த மேசையில் இருந்தது.

பதினொரு மணிக்கு நாகரத்தினத்தின் போன் அடித்தது. தவமலரின் மகள் நிரோஜினி. தாயிடம் போன் இல்லாததால் அவசரத்துக்கு இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள்.

"பெரியம்மா, ஜீப் வந்திட்டு. திடீர் செக்கிங்காம். அம்மாவை உடனே அனுப்புங்கோ. போனை உள்ள விடமாட்டினமாம், வைக்கிறன்."

நாகரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்தாள். முட்டி வலித்தது தெரியவில்லை.

"தவம், எந்திரி. செக்கிங் வந்திருக்காம். ஓடு."

தவமலர் நிமிரவில்லை. மடியில் மூடி பாதி நின்றது.

"இந்த மாசச் செக்கிங் போன கிழமையே முடிஞ்சிட்டு அக்கா."

"திடீர் செக்கிங்காம்டி. ஒம் பொண்ணுதான் போன் பண்ணிச்சு."

"அவள் காலமையே காலேஜுக்கு வெளிக்கிட்டாளே."

"இந்தா, நீயே கேளு." நாகரத்தினம் அந்த எண்ணை அழுத்திக் கொடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அணைத்து வைத்திருப்பதாக வந்தது.

தவமலர் சிரித்தாள். "அண்டைக்கும் இப்பிடித்தானே ஆரோ சொல்லி வெறுங்காலோட ஓடினனான். திரும்பவும் என்னை ஓடவிட்டுப் பாக்கிறியளோ?"

"டீச்சருக்கு தவத்த ஓட்டப்பந்தயத்துல சேக்கணும்னு ஆசை," என்றாள் மாலதி. பட்டறையே சிரித்தது. மேசையில் வானதி மேடமும் தலை தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அன்னிக்கி யாரும் சொல்லல, நான்தான் பொய் சொன்னேன், இன்னிக்கி நெசம். அவ்வளவுதான். அதைக் கேட்டால் தவமலர் எழுந்து ஓடுவாள். நாகரத்தினம் மேசைப் பக்கம் பார்த்தாள். மேடத்தின் கையில் பேனா இருந்தது.

"என்ன நாகரத்தினம், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லைங்க மேடம். முகாம்ல செக்கிங்னு போன் வந்துச்சு. சொல்லிட்டேன். போகமாட்டேங்குது."

"போறதுன்னா போகட்டும். நாளைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

"நான் போகேல்லை மேடம்," என்றாள் தவமலர் அவசரமாக. விரல்கள் இன்னும் வேகமாக ஓடத் தொடங்கின.

நாகரத்தினம் திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க்கடிகாரம் எதிரிலேயே இருந்தது. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சாப்பாட்டு நேரத்தில் தவமலர் தன் டப்பாவைத் திறந்து, தேங்காய்ச் சம்பலில் ஒரு கரண்டி எடுத்து அவள் தட்டில் வைத்தாள். நாகரத்தினம் அதைச் சாப்பிட்டாள். மேடம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்து அவளிடம் கொடுத்தார்.

நாலு மணிக்கு நிரோஜினி சைக்கிளில் வந்தாள். கல்லூரிக்குப் போகும் வழியில் ஜீப்பைப் பார்த்துத் திரும்பியவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏனம்மா வரேல்லை? மூண்டு தரம் பேர் கூப்பிட்டவை. நான் காலில விழுந்து கேட்டன். கோடு போட்டுட்டுப் போயிட்டினம்."

தவமலர் முடித்திருந்த மூடியைப் பெட்டி மேல் வைத்தாள். அது ஒரு நூல்கூட ஆடாமல் உட்கார்ந்தது. பிறகு எழுந்து நாகரத்தினத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கள் சொன்னீங்கள் தானே அக்கா. மூண்டு நாலு தரம் சொன்னீங்கள். நான்தான் கேக்கேல்லை," என்றாள். மகளைப் பார்த்து, "பெரியம்மாவில பிழை இல்லையடி. அவ சொன்னவ," என்றாள்.

எல்லாரும் நாகரத்தினத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் நாகரத்தினம். "சொன்னேன்ல. எல்லாருந்தான் கேட்டீங்க."