துவக்கு முனையில் ஒரு விளம்பரம்

மூன்று வருடங்களுக்கு முந்திய தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. இரணைமடு வாய்க்கால் பாயும் ஒரு குடியேற்றத் திட்டத்தில், கதிர் முற்றிய வயலின் ஓரமாக, பற்றைக்குள் குந்தியிருந்து நான் யானையைப் போலச் சத்தமிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பலகுரல் கலைஞன். நாய்ச் சண்டை, கோச்சி ஊதிக்கொண்டு தண்டவாளத்தில் புறப்படுவது, சந்தையில் மீன் விற்பவரும் வாங்குபவரும் வாய்த்தர்க்கப்படுவது எல்லாவற்றையும் ஒரே வாயால் செய்து காட்டுவேன். கிளிநொச்சியில் சங்கக் கடையில் கணக்கு எழுதும் லிகிதராக இருந்தபோது ஓய்வு நேரத்தில் பள்ளிக்கூட விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் செய்தேன். கைதட்டல் கேட்டுக் கேட்டுத் தலை கனத்துவிட்டது. இனி இதுதான் என் தொழில் என்று வேலையை விட்டேன். மறுநாள் காலை என்னைப் பெற்ற ஐயா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாடு கத்தினால் அதுக்கு ஆரும் வைக்கல் போடுவினம். நீ கத்தினால் உனக்கு ஆரடா சோறு போடுறது?"

அவர் கேட்டது பிழையான கேள்வி இல்லை என்று இரண்டு மாதத்தில் தெரிந்தது. இந்தத் தொழிலில் குரல் எடுப்பது சின்னப் பங்குதான். மண்டபம் கேட்டு அலைய வேண்டும். அச்சகத்தில் காத்து நிற்க வேண்டும். பசை காய்ச்சி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், மதகு மதகாக நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டிய பசை காய்வதற்குள் ஆடு வந்து நோட்டீசைத் தின்றுவிடும். பிறகு தகரக் குழலை வாயில் வைத்து, "வாருங்கள், வாருங்கள்" என்று ஊர் ஊராகக் கூவ வேண்டும். மாலையில் மேடையேறினால் தொண்டை கட்டியிருக்கும். என் சேவல் மூக்கடைத்துத் தடிமன் பிடித்த சேவலாகக் கூவும். சனம் அதற்கும் சிரித்தது, ஆனால் அது நான் விரும்பிய சிரிப்பு இல்லை. பழகவேண்டிய விடியற்காலைகளில் நான் பசை வாளியோடு நின்றேன். பழகாமல் போனால் மேடையில் வெட்கம். விளம்பரத்துக்குப் போகாவிட்டால் மேடைக்கு முன்னால் குந்த ஆளில்லாத வெறும் வாங்குகள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடினேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் விடாமல் பழகினேன். அதுதான் யானை. குளக்கட்டுக்குப் போய், அவை தண்ணீருக்கு வரும் நேரங்களில் தூரத்தில் மறைந்திருந்து கேட்பேன். பிளிறுவதை எல்லாரும் செய்வார்கள். எனக்குப் பிடித்தது மற்றச் சத்தங்கள். வயிற்றுக்குள்ளிருந்து வரும் அந்த உறுமல், கனத்த மூச்சு, புல்லைப் பிடுங்கி மண் போகக் காலில் அடிப்பது. ஒரு பிடி புல்லும் என் தொடையும் இருந்தால் போதும், யானை மேய்வதை அப்படியே செய்துவிடுவேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கலைக்கும் விளம்பரத்துக்கும் நேரம் போதவில்லையா, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பதிலாக ஊர் எல்லையில் மறைந்திருந்து யானையாகச் சத்தமிடுவது. சனம் கூடியதும் தகரக் குழலோடு வெளியே வந்து, "பயப்படாதீர்கள், நாளை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் இதைவிட இன்னும் உண்டு" என்று அறிவிப்பது. வவுனியாக் கடைத்தெருவில் செய்து பார்த்தேன். ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டபம் நிரம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைத்தெருவும் கதிர் முற்றிய வயலும் ஒன்றில்லை என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

அந்தக் குடியேற்றத்துக்கு இருட்டிக்கொண்டுவரும் மைம்மல் பொழுதில் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளை வாய்க்கால் கட்டில் சாய்த்துவிட்டுப் பற்றைக்குள் புகுந்தேன். வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு காவல் கொட்டில், அதன் முன்னால் ஒரு லாம்பு, யாரோ சமைக்கும் புகை. நல்ல இடம் என்று நினைத்தேன். முதலில் உறுமினேன். பிறகு புல்லைப் பிடுங்கித் தொடையில் அடித்தேன். ஒரு காய்ந்த கொப்பைக் காலால் மிதித்து முறித்தேன்.

லாம்பு அணைந்தது.

சிரிப்பு வரும், கூப்பிடு குரல் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் என்று மறுபடியும் உறுமினேன். இந்த முறை மிக நன்றாக வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் உறுமியதே இல்லை.

துவக்கு ஒன்று வெடித்தது. என் தலைக்கு மேலே இலைகள் சடசடவென்று கொட்டின. நான் வாய்க்கால் சேற்றுக்குள் குப்புற விழுந்திருந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியாது. இடப்பக்கம் யாரோ தகரம் தட்டத் தொடங்கினார்கள். வலப்பக்கம் தீப்பந்தம் ஒன்று அசைந்தது. நடுவில், கொட்டில் பக்கமிருந்து, இன்னொரு சத்தம். டொக், டொக், டொக். காதை வைத்துப் பிழைப்பவன் நான். அது என்ன என்று உடனே விளங்கியது. அது இடியன் துவக்கு. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்தும் சன்னமும் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். அடுத்த வெடிக்கு என்னைக் குறிவைத்து நிரப்புகிறார்கள்.

'சுடாதையுங்கோ, நான் மனுசன்' என்று கத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தேன். ஊரில் எத்தனையோ பேரின் குரலை எடுத்த வாய்க்கு என் சொந்தக் குரல் வரவில்லை. வந்தது வெறும் காற்று. அதுவும் யானை மூச்சு விடுவதுபோலவே இருந்தது. எழுந்து ஓடினால் பற்றை முறியும், யானை பாய்கிறது என்று நினைப்பார்கள். கிடந்தால் சுடுவார்கள். இடிக்கும் சத்தம் நின்றது.

சேற்றில் ஊர்ந்து கட்டின்மேல் கையை நீட்டினேன். விரலில் சைக்கிள் கைபிடி பட்டது. பெல்லை அடித்தேன். கிணிங், கிணிங், கிணிங். நிறுத்தாமல் அடித்தேன்.

தகரச் சத்தம் நின்றது. இருட்டுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது: "இஞ்சேருங்கோ, பொறுங்கோ! யானை பெல் அடிக்குமே?"

"சைக்கிள் பெல் போலத்தான் கிடக்கு. ஆரது? ஆரடா அங்கை?"

நான் இன்னும் பெல்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

பந்தத்தோடு வந்தவர்கள் என்னைச் சேற்றிலிருந்து தூக்கினார்கள். துவக்குக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான மனிதர். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துவக்கைக் கீழே போட்டுவிட்டு என் தலை, தோள், நெஞ்சு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். "தம்பி, எங்கையும் பட்டுதோ? சொல்லும் தம்பி, பட்டுதோ?" "ஐயோ, என்ரை கையாலை ஒரு உயிர் போகப் பாத்துதே" என்று அப்படியே வாய்க்கால் கட்டின்மேல் குந்திவிட்டார்.

எனக்குக் குரல் வந்தபோது நான் உளறியது ஒரே சொல்: "விளம்பரம்… விளம்பரத்துக்கு…"

அவருடைய மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று வயதுப் பெண் பிள்ளை. தாயின் தோளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"விளம்பரமோ?" என்று கேட்டா அவா. சத்தம் போடவில்லை. "போன கிழமை யானை உந்தக் கொட்டிலைப் பிரிச்சு எறிஞ்சுபோட்டுத்தான் போனது. இவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். அண்டைக்குத் தொடங்கி இவள் கொப்பு முறிஞ்சால் கத்துறாள். உமக்கு அது விளம்பரமோ?"

சூடாகத் தேத்தண்ணி ஊற்றித் தந்ததும் அவாதான். பக்கத்துக் காவல்காரர் ஒருவர் மட்டும், "சும்மா சொல்லக்கூடாது, தம்பி நல்லாத்தான் செய்தது" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஓடிப்போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. மறுநாள் பின்னேரம் போனால், வாசலில் மாடு அவிழ்த்த வண்டிகள் வரிசையாகக் கிடந்தன. காவல்காரர்கள் வாயால் கதை பரவி, யானையாகக் கத்திச் சூடுபடாமல் தப்பியவனைப் பார்க்கக் குடியேற்றம் முழுக்க வந்திருந்தது. என் தொழிலில் அதுவரை அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. நாய்ச் சண்டையும் கோச்சியும் செய்தேன். யாருக்கும் அவை தேவைப்படவில்லை. பின்னால் நின்ற இளைஞர்கள் தொடங்கினார்கள்: "யானை! யானையை விடு!" வாங்குகளைத் தட்டத் தொடங்கினார்கள்.

முன்வரிசையில் துவக்குக்காரரும் மனைவியும் இருந்தார்கள். நான் வாய் திறக்குமுன்பே அந்தச் சின்னப்பிள்ளை இரண்டு காதுகளிலும் விரலை வைத்து அடைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

செய்தால் மண்டபம் அதிரும். ஊர் ஊராக என் பெயர் போகும். ஐயாவுக்குப் பதில் கிடைக்கும். செய்யாவிட்டால் கூச்சல், பணத்தைத் திருப்பிக் கொடு என்ற சண்டை, இந்தப் பக்கம் இனித் தலைகாட்டவே முடியாத நிலை. தொண்டைக்குள் உறுமல் தயாராக நின்றது. அந்தப் பிள்ளையின் விரல்கள் இன்னும் ஆழமாகக் காதுக்குள் போயின.

"யானை இண்டைக்கு வராது," என்றேன்.

கூவென்று சத்தம் எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். "அப்ப என்னத்துக்கடா வந்தனி?" என்று ஒரு குரல்.

துவக்குக்காரர் எழுந்து பின்பக்கம் திரும்பினார். "ஏனப்பா குழறுறியள்? யானை வராட்டில் நல்லதுதானே! அது வரக்கூடாதெண்டுதானே நாங்கள் எல்லாரும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறது!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான் சேவலைக் கூவவிட்டேன். இரண்டு நாளாக நான் நோட்டீசும் ஒட்டவில்லை, தகரக் குழலும் பிடிக்கவில்லை. சேவலுக்குத் தடிமன் மாறியிருந்தது. பிள்ளை ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்தாள்.

இன்றும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பழகுவதற்கும் கூவுவதற்கும் நேரம் இன்னும் போதவில்லை. ஐயாவுக்கு இன்னும் பதில் சொல்லவுமில்லை. ஆனால் ஒரு ஊருக்குள் என் பெயரைச் சொல்லிக்கொண்டு போகுமுன், அந்த ஊர் இரவில் எந்தச் சத்தத்துக்குப் பயந்து காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று விசாரிக்காமல் நான் இப்போது வாய் திறப்பதில்லை.