மாமா வீட்டு உருளைக்கிழங்குப் பீரங்கி

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போன கிழமை ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் பைப் ஒட்டும் பசை டின்னைத் திறந்தாரோ இல்லையோ, அந்த நெடி நேரே மண்டைக்குள் ஏறியது. பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்ன சேர், தலை சுத்துதா?" என்று கேட்டார். சுற்றியதுதான், ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. அந்த நெடிக்கும் எனக்கும் ஊரடங்குக் காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் கரடியனாற்றிலிருந்து கல்லடிக்கு, வாவிக்கரையோரம் இருக்கும் மனைவி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை காலையில் கந்தோர் வேலைக்குப் போய்ப் பொழுதுபட வந்து, சாப்பிட்டுப் படுக்கிற விருந்தாளி நான். நோய் வந்து ஊரை மூடியதும் மருமகன் முழுநாளும் வீட்டில்! மருமகனுக்கு முன்னால் உட்காருவது மாமிக்கு மரியாதை இல்லை. நான் மண்டபத்தில் இருந்தால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். பாவம், குசினியில் நின்று அவருக்குக் கால் கடுக்குமே என்று நான் அறைக்குள் போய்விடுவேன். எந்த நேரமும் நான் வெளியே வரலாம் என்று அவர் குசினியிலேயே நிற்பார். மின்விசிறியும் நாலு நல்ல கதிரைகளும் உள்ள மண்டபம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிறைக் கைதிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் மறியல் இருந்தோம்.

ஆனால் உண்மையான மறியல் அடுத்த அறையில் நடந்தது. மனைவியின் தம்பி சுதன் கட்டாரில் பைப் வேலை செய்தவன். ஒரு மாத லீவில் வந்தவனைப் போட்டு ஊரை மூடிவிட்டார்கள். விமானம் நின்றது. விசா முடிந்தது. ஒருநாள் கம்பெனியிலிருந்து, இனி வரவேண்டாம் என்று போனில் இரண்டு வரி வந்தது. அதோடு கதவைச் சாத்தியவன்தான். சோற்றுத் தட்டு போன மாதிரியே திரும்பி வரும். கூப்பிட்டால் "ம்" கூட இல்லை. பதினொரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் மாமி என் மனைவியிடம் சொல்லி அனுப்பினார்: "மருமகனிட்டச் சொல்லி அவன்ட அறைக் கதவு உள்தாழ்ப்பாளக் கழட்டிரச் சொல்லு." என்ன பயத்தில் சொல்கிறார் என்று ஆளுக்கு ஆள் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் ஏலாது.

துரு பார்க்க வந்ததாக ஏதோ பொய் சொல்லி உள்ளே போனேன். ஆணியைத் திருகத் தெரியாமல் திருகினேன். நான் கந்தோரில் முத்திரை குத்துகிறவன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆயுதப் பயிற்சி. கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் திரும்பினான்.

"அப்பிடித் திருகினா ஆணி மண்ட நசிஞ்சிரும் அத்தான். கொண்டாங்க."

எழும்பி வந்து, தன் கதவுத் தாழ்ப்பாளைத் தானே கழற்றி என் கையில் தந்தான். எதற்குக் கழற்றச் சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியிருந்தது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, "கட்டார்ல லீவு நாள்ல என்ன செய்யிறீங்க?" என்று கேட்டு வைத்தேன். அப்போதுதான் அவனோடு வேலை செய்த ஒரு நேபாளக்காரனின் கதை வந்தது. மிஞ்சிய குழாய்த் துண்டுகளை ஒட்டி, காற்று அடைத்து, உருளைக்கிழங்கைப் பாலைவனத்துக்குள் பறக்கவிடுவானாம்.

"நாமளும் செய்வமா?" என்றேன். அவன் யோசித்தான். யோசித்ததே எனக்குப் பெரிய காரியம்.

ஏறாவூரிலிருந்து ஊரடங்குப் பாஸ் எடுத்து மரக்கறி லொறி கொண்டு வரும் முஸ்லிம் நானாவிடம் குழாயும் பசையும் சொல்லிவிட்டோம். "கிணத்துக்கா தம்பி?" என்றார். ஓம் என்றோம். தடித்த குழாய் காற்றை அடைக்க, மெல்லிய நீளக் குழாய் கிழங்கை அனுப்ப, நடுவில் ஒரு வால்வு, பின்னால் சைக்கிள் டியூப்பின் வாய். பசை காயும்வரை பொறுக்காமல் நான் பம்ப் அடித்து இரண்டு தரம் குழாய் பிளந்தது. நானா முதலில் கொண்டு வந்தது சுற்றிச் சுற்றித் திறக்கிற வால்வு. காற்று மெல்லப் போய், கிழங்கு என் காலடியில் வழுக்கி விழுந்தது. சுதன் சிரித்தான். குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் அப்படியே நின்றது. கைப்பிடியை ஒரே திருப்பில் திறக்கிற வால்வுக்கு இன்னும் நாலு நாள் காத்திருந்தோம். அவன் சோறு கேட்டுச் சாப்பிட்ட நாட்கள் அவை.

ஒரு பின்னேரம், குழாயை வாவிப் பக்கம் சாய்த்து, முளைவிட்ட கிழங்கொன்றை இறுக்கி வைத்து, சுதன் பம்ப் அடித்தான். கைப்பிடியை நான் திருப்பினேன்.

தொம்!

கிழங்கு வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்கு மேலால் போனது. நான் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தேன். முற்றத்து ஜாம் மரத்தடியில் ரேடியோவோடு இருந்த மாமாவை, எழுபதை எட்டிய மனிதரை, அப்படி ஓடி நான் கண்டதில்லை. "படு மனே! படு!" என்று சுதனைக் கீழே தள்ளி அவனுக்கு மேலே விழுந்தார். ஒரு கையால் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து என்னையும் விழுத்தினார். முகம் மண்ணில். வாய் எண்ணிக்கொண்டிருந்தது: "ஒண்டு… ரெண்டு… மூண்டு…"

மறந்துபோனேன் என்றால் நம்புவீர்களா? சண்டைக் காலத்தில் நானும் எண்ணியவன்தான். ஷெல் வெளிக்கிடுகிற சத்தம் கேட்டால் எண்ணவேண்டும். ஒரு கணக்குத் தாண்டினால் அது வேறு யாருடைய வீட்டுக்கோ. மூன்று கிழமையாக அந்தக் குழாயோடு மாரடித்தேன், அது என்ன சத்தம் போடும் என்று ஒருதரமும் நினைக்கவில்லை. ஒழுங்கையில் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்துப்பட்டன. மாமா இருபதைத் தாண்டியும் எண்ணினார்.

"அப்பா, நாங்கதான். அப்பா, உருளக்கிழங்கப்பா," என்று கீழே கிடந்து சுதன் அழுதான்.

அவன் திரும்ப அறைக்குள் போனான். தட்டு திரும்ப நிறைந்தபடி வந்தது. தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் நான் விழித்திருந்தேன். நான்தான் அவனைக் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மாமா என் அறை வாசலுக்கு வந்தார்.

"மருமகன், அவன் சாப்பிட்டானா?"

"இல்ல மாமா."

"அந்தக் குழாய அவனுக்கு எடுத்துக் குடுங்க. சொல்லிப்போட்டு அடிக்கச் சொல்லுங்க. சொல்லாம அடிச்சாத்தான் பயம்."

அன்றிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. பின்னேரமானால் சுதன் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வேலி வேலியாகப் போய், "நாங்கதான், அடிக்கப் போறம்!" என்று சொல்லி வருவான். கடைசியாக ஜாம் மரத்தடியில் குனிந்து, "அப்பா, நாங்கதான்," என்பான். மாமா ரேடியோவைக் குறைத்து, "ம், அடி," என்பார். அடுத்த வீட்டுப் பெண்கள் முளைவிட்ட கிழங்குகளை வேலிக்கு மேலால் நீட்டினார்கள். கிழங்கு முடிந்து மரவள்ளித் துண்டும் பறந்தது. ஒருநாள் மாமாவே கைப்பிடியைத் திருப்பினார். எண்ணினார். "நாலு! தண்ணியிலதான்," என்று பொக்கை வாயால் சிரித்தார்.

திரும்ப விமானம் விட்டதும் சுதன் வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து மாமா நித்திரையிலேயே போனார். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பாடை எடுக்கிற நேரம், சீனவெடி கொளுத்த ஒருவர் ஒழுங்கைக்குப் போனதை என் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த சுதன், "பொறுங்க அத்தான்! கொளுத்த வேணாமெண்டு சொல்லுங்க!" என்று கத்தினான். "என்னைய அப்பாட காதுக்கிட்டப் பிடிங்க."

பிடித்தேன்.

"அப்பா, நாங்கதான்."

பிறகு கொளுத்தச் சொன்னோம்.

ஜாம் மரம் இப்போது இல்லை, கரையில் யாரோ மதில் கட்டிவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டில் வென்றதற்கும் ஒழுங்கையில் பொடியன்கள் வெடி கொளுத்துகிறார்கள். ஒருவரும் சொல்லிவிட்டுக் கொளுத்துவதில்லை. யாருக்குச் சொல்லவேண்டுமோ, அந்த ஆள் எங்கள் வீட்டில் இப்போது இல்லை.