காளவாசலோடு நிற்கட்டும் கேபிள்

இன்று காளவாசல் பிரவுசிங் சென்டரில் மெயில் பார்க்க உட்கார்ந்ததும், கடைக்கார அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாப்ள, நம்ம வரிப்பணத்துல அரசாங்கமே ஊர் ஊருக்கு கேபிள் போட்டு வேகமான நெட்டு குடுக்கப் போகுதாம். வேணாம்னு மந்திரிக்கு ஒரு மெயில் அடிச்சுக் குடு."

மகளின் ரிசல்ட் பார்க்கப் பக்கத்துக் கணினியில் காத்திருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, எங்க ஊரு திருவாதவூர்லயே நெட்டு இருந்தா நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி உங்க கடைக்கு வாரேன்?"

"அதுக்குத்தாம்மா வேணாங்கிறேன்!"

அடித்து அனுப்பினேன். அரை மணி நேரமாகியும் மெயில் போகவில்லை. ரிசல்ட்டும் வரவில்லை. கடைசியில் அண்ணனுக்கே கோபம் வந்துவிட்டது.

"மாத்தி அடி மாப்ள. கேபிளைப் போடட்டும். ஆனா காளவாசலோட நிறுத்திக்கச் சொல்லு."

அந்த மெயிலும் இன்னும் கடையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிவாவது உங்களுக்கு வந்து சேர்ந்ததா?