முட்டை எடுத்ததை ஒத்துக்கிட்ட நாள்

...இல்ல புள்ள, சத்தியமா சொல்றேன். என் கோழி முட்டைய எடுத்தத, அந்த ஆறாம் காம்பராக்காரி, பதுளை பெரிய கோர்ட்டுல நீதிபதி முன்னாடி கூண்டுல நின்னு தன் வாயால ஒத்துக்கிட்டா. நாலு வருஷமா "ஒன் கோழிய நான் கண்டேனா, ஒன் முட்டைய நான் கண்டேனா"ன்னு மண்ண வாரித் தூத்துனவ. கங்காணி நடுவுல நின்னு கேட்டப்பவே அசராதவ. அவ மட்டும் அன்னைக்கு அதச் சொல்லலன்னா என் மவன் இன்னைக்கு மறியல்ல, ஜெயில்ல கெடப்பான். நீ போன கெழமதான டவுன்ல இருந்து இந்த லயத்துல நாலாம் காம்பரா வீட்டுக்குக் குடி வந்த, ஒனக்கு எங்க தெரியப் போவுது. நாங்க ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே சிரிக்கிறதப் பாத்து நீ முழிச்சியே, நான் கண்டேன்.

உக்காரு. அந்த வெங்காயத்த இப்படித் தள்ளு, பேசிக்கிட்டே உரிச்சுருவோம்.

அன்னைக்குக் காலையில எல்லாரும் பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்க எறங்கிட்டாங்க. என் மருமகளும் கொழுந்துக் கூடையோட போயிட்டா. மவன் ஃபேக்டரியில வேல முடிச்சு வந்து படுத்திருக்கான். நான் அடுப்புல ரொட்டி போட்டுக்கிட்டு இருக்கேன். தேங்காப்பூ கொஞ்சம் கூடிப் போச்சு, மாவு ஒட்டுது. அந்த நேரம் பாத்து ஜீப்பு. நாலு பொலிஸ்காரங்க நேரா எங்க கதவுக்கு வந்தாங்க. யாரோ தகவல் குடுத்திருக்காங்க புள்ள, இல்லாட்டி அப்படி நேரா வருவாங்களா? ஏணிய வெச்சு பரண்ல ஏறுனாங்க. ஒரு யூரியா சாக்கு எறங்குச்சு. பிரிச்சா, நாட்டுத் துவக்கு. பன்னி சுடுறது. ரெண்டு தோட்டாவும்.

"இது ஒன்னோடதா?"ன்னு சிங்களத்துல கேட்டாங்க.

"இல்ல மாத்தயா"ன்னான் மவன்.

"காம்பரா யாரோடது?"

"என்னோடது."

அம்புட்டுதான். வெலங்கு போட்டுட்டாங்க. ரொட்டி கருகுன வாசம் மூக்குல ஏறுது, எனக்குக் கை அசையல.

துவக்கு விசயம்னா சின்னக் கோர்ட்டுல முடியாதாம். கொழும்புல இருந்து அரசாங்கமே பேரு போட்டு வழக்கு அனுப்புமாம். அனுப்புனாங்க. தடிப்பா ஒரு கடுதாசிக் கட்டு, பூராவும் சிங்களம். எனக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, அதனால எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா மவன் அதப் பாத்துட்டு ரெண்டு நாளு சாப்புடல. பெயில்ல வந்தவன் அப்படியே செவத்தப் பாத்து உக்காந்திருப்பான். "ஒத்துக்கிறேன்மா, கொஞ்சம் கொறச்சுக் குடுப்பாங்களாம்"ன்னான் ஒரு நாளு. செய்யாதத ஒத்துக்கிறதா? "நீ ஒத்துக்கிட்டா, மொத நான் இந்த லயத்த விட்டு எறங்கி ரயிலு ரோட்டுல படுப்பேன்"ன்னேன். கோவத்துல சொன்னதுதான். ஆனா அவன் அதுக்கப்புறம் ஒத்துக்கிற பேச்ச எடுக்கல.

தெமோதரையில பஸ் ஏறி பதுளையில ஒரு லோயரம்மாவப் புடிச்சோம். சின்ன வயசு, கண்ணாடி போட்டவுங்க. கட்டப் படிச்சுட்டு எங்க மொகத்தப் பாக்காமலே சொன்னாங்க. "பரண் ஒங்க காம்பராவுக்கு மேல. சாவி ஒங்க கையில. வேற யாரும் உள்ள வந்திருக்கவே முடியாதுன்னு அவுங்க சொல்வாங்க. அத ஒடைக்க ஒரு வழி வேணும்மா. இல்லன்னா..." மிச்சத்தச் சொல்லல. மருமக முந்தானையக் கடிச்சுக்கிட்டா.

எனக்கு அந்த மாதிரி அமைதியா இருந்தா தாங்காது புள்ள. என்னத்தையாவது பேசணும். நான் பாட்டுக்கு, "அந்தப் பரணாலேயே எனக்குப் பொல்லாப்புதான் லோயரம்மா. என் கோழி அங்க முட்டை போட்டா எனக்கா கெடைக்குது? பக்கத்து ஆறாம் காம்பராக்காரி எடுத்துத் தின்னுருவா"ன்னேன்.

மவன் "அம்மா, சும்மா இருங்க"ன்னான்.

லோயரம்மா பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. "அவுங்க எப்படி எடுப்பாங்க? ஒங்க கதவு பூட்டியிருக்குமே?"

"கதவு எதுக்கு? அவ காம்பராவுல ஏணி வெச்சு, செவருக்கு மேலால கைய விட்டா முடிஞ்சு போச்சு."

"செவரு தகரம் வரைக்கும் போகலையா?"

"எங்க போகுது? வெள்ளக்காரன் கட்டுன லயம். பன்னெண்டு காம்பராவுக்கும் ஒரே தகரம். செவரு பாதியில நின்னுரும், அதுக்கு மேல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தொறந்துதான் கெடக்கும். பன்னெண்டாம் காம்பராவுல தும்முனா மொதக் காம்பராவுல இருந்து நூறுன்னு சொல்லலாம்."

அவுங்க பதுளையிலேயே பொறந்தவுங்க, ஆனா லயத்துக்குள்ள காலு வெச்சதில்ல. மறுநாளே வந்து ஏணியில ஏறி போன்ல படம் புடிச்சாங்க. நல்ல சாரி, பூரா ஒட்டடை. அடுத்த தவணையில கோர்ட்டுல பொலிஸ்காரர்கிட்ட, "பக்கத்துக் காம்பராவுல ஏறிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னுட்டாரு. "பாத்தீங்களா, ஒரு படி ஏறிட்டோம். ஆனா படம் பத்தாது. பக்கத்துக் காம்பரா ஆளு ஒருத்தர் சாட்சிக்கு வேணும்"ன்னாங்க.

அதுலதான் வந்துச்சு வென. ஏன்னா, பரண்ல யாரு வேணாலும் வெச்சிருக்கலாம்னு சொன்னா, அந்த யாரு வேணாலும் யாரு? இந்தப் பன்னெண்டு வீடுதான? சாட்சிக்குக் கேட்டுப் போன வாசல்லயெல்லாம் "ஒன் மவன் தப்பிக்க எங்க தலையில கட்டப் பாக்குறியா?"ன்னாங்க. தண்ணிக் குழாயில நான் போனா மத்தவ கொடத்தத் தூக்கிட்டுப் போயிருவா. கோயில்ல துன்னூறு தட்டு என்னத் தாண்டிப் போகும். குத்தம் சொல்ல முடியாது. அவுங்களுக்கும் புள்ளைங்க இருக்கு.

கடைசியா ஆறாம் காம்பரா. நாலு வருஷமா மிதிக்காத வாசல். நின்னேன்.

உள்ள இருந்து, "யாரு?"

"நான்தான்."

"முட்டைக்கு வந்தியா?"

"மவனுக்கு வந்தேன்."

கதவச் சாத்திட்டா.

சாட்சி நாளு. மொத என்னக் கூப்புட்டாங்க. நாம பேசுறத சிங்களத்துல மாத்திச் சொல்ல ஒரு ஐயா நிக்கிறாரு. லோயரம்மா வெளிய வெச்சே பத்துத் தடவ சொன்னாங்க, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கத சொல்லாதீங்க." தலையாட்டுனேன். அவுங்க கேட்டாங்க, சொன்னேன். செவரு, தகரம், கோழி. நல்லாத்தான் போச்சு. அப்புறம் அரசாங்கத்து லோயர் எந்திரிச்சாரு. மேசையில கெடந்த அந்தச் சாக்கத் தூக்கிக் காட்டி, "இத இதுக்கு முன்ன பாத்திருக்கீங்களா?"ன்னாரு.

பாத்திருந்தேன் புள்ள. அதான. ரெண்டு மாசமா அது அங்கதான் கெடந்துச்சு.

"ஆமாங்க"ன்னுட்டேன்.

லோயரம்மா கண்ண மூடிட்டாங்க. கூண்டுல நின்ன மவன் என்னப் பாத்த பார்வை இருக்கே, அது சாவுற வரைக்கும் போகாது. என் வாயால நானே அவன உள்ள தள்ளிட்டேன். பாத்திட்டுச் சும்மா இருந்தா தெரிஞ்சே வெச்ச மாதிரியாம்ல.

நீதிபதி ஐயாவே கேட்டாரு. "பாத்தீங்கன்னா ஏன் எறக்கிப் பாக்கல?"

"ஐயா, அது எங்களோடது இல்லீங்களே. எங்க லயத்துல பரண்ல கெடக்கிறது கீழ இருக்கிறவனுக்குச் சொந்தமில்ல. எந்தக் காம்பராவுக்கு மேல முட்டை கெடந்தாலும் கோழிக்காரிதான் எடுக்கணும். நாங்க 'யாரோடது'ன்னு ஒரு கொரல் குடுப்போம். யாரும் வரலன்னா தொடமாட்டோம். நானும் கொரல் குடுத்தேன். யாரும் வரல. விட்டுட்டேன்."

"அப்ப யாரு வெச்சது? ஒருத்தர் பேரு சொல்லுங்க"ன்னாரு அரசாங்கத்து லோயர்.

எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு. இன்னைக்கும் இருக்கு. ஒனக்குக்கூட சொல்லமாட்டேன், அப்படிப் பாக்காத. நெனப்ப எப்படிச் சாட்சி சொல்றது? தப்பா இருந்தா இன்னொருத்தி என் மாதிரி நிப்பாளே. "தெரியாதுங்க"ன்னேன். அவரு சிரிச்சாரு. "தாய் மகனுக்காகக் கட்டுன கத"ன்னு உக்காந்துட்டாரு.

வேற சாட்சி இருக்கான்னு கேக்குறாங்க. லோயரம்மா கதவப் பாக்குறாங்க. நானும் திரும்புனேன். அங்க அவ நிக்கிறா! கலியாணத்துக்குக் கட்டுற பச்சச் சீலையில, கையில கொடையோட. லோயரம்மா எனக்குத் தெரியாமப் போயி பேசியிருக்காங்க, ஆனா அவ வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல.

கூண்டுல ஏறி, செவருக்கு மேலால கை எட்டும்னு லோயரம்மாவுக்குப் பதில் சொன்னா. "நீங்க இவுங்களுக்குச் சொந்தமா?"ன்னாரு அரசாங்கத்து லோயர்.

"சொந்தமா? இந்தப் பொம்பளையோட நாலு வருஷமா எனக்குப் பேச்சு வார்த்தையே இல்லீங்க."

"அவுங்க காம்பராவுக்கு மேல ஒங்க பக்கத்துல இருந்து கை எட்டும்னு எப்படித் தெரியும்?"

 என்னப் பாக்கல. "நான் எட்டி எடுத்திருக்கேன். முட்டை. மூணோ நாலோ தடவ. ஏழு முட்டை."

மாத்திச் சொல்ற ஐயா வாயில முட்டைக்குச் சிங்களத்துல "பித்தர"ன்னு விழுந்துச்சு, நீதிபதி ஐயா எழுதுறத நிறுத்திட்டாரு. ஏழாம்! நான் அஞ்சுன்னுல்ல நெனச்சேன்!

"அப்படின்னா இந்தச் சாக்கையும் நீங்களே வெச்சிருக்கலாம், இல்லையா?"

 அவ கொடையத் தரையில ஊணிக்கிட்டா. "வெச்சிருக்கலாம். என்னால முடியும். பன்னெண்டு காம்பராக்காரங்களாலயும் முடியும். நான் வெக்கலீங்க. அந்தப் பையனும் வெக்கல, வெச்சிருந்தா அவுங்க அம்மா 'யாரோடது, யாரோடது'ன்னு தொண்ட கிழியக் கத்தியிருக்க மாட்டா. எனக்கும் கேட்டுச்சு. பேச்சு இல்லாததால பதில் சொல்லல."

தீர்ப்புக்கு ஒரு மாசம் தவணை. அந்த மாசத்துல மவன் எனக்கு வெறகு ஒரு வருஷத்துக்குப் பொளந்து அடுக்கிட்டான். ஏன்டா இம்புட்டுன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. அன்னைக்கு நீதிபதி ஐயா படிக்கிறாரு, படிக்கிறாரு, முடியவே இல்ல. எனக்கு ஒரு சொல்லு வெளங்கல. மவன் கம்பியப் புடிச்ச வெரலு வெள்ளையாப் போச்சு. நான் லோயரம்மா பிடரியவே பாத்துக்கிட்டு இருந்தேன். அவுங்க மெதுவாத் திரும்பி, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. விடுதலை.

திரும்பி வர்ற பஸ்ஸுல அவ பக்கத்துலதான் எனக்கு எடம் கெடச்சுச்சு. ஜன்னலப் பாத்துக்கிட்டே சொல்றா, "ஒனக்காக வந்தேன்னு நெனக்காத. இனி அந்த முட்டைப் பேச்சு லயத்துல வரக் கூடாது, அதுக்குத்தான்."

"ஏழு முட்டைடி"ன்னேன்.

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"நீதான எண்ணியிருக்க!"

அதுல சிரிச்சவங்கதான், தெமோதரை வரைக்கும் நிறுத்தல. ஆளுங்க திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. சிரிச்சுக்கிட்டே நான் அழுதத அவ பாத்தா. தோட்டத்துத் தொரை செவர மேல வரைக்கும் ஏத்தித் தர்றேன்னாரு, இன்னும் ஒரு கல்லு வரல. வராட்டியும்...

இரு இரு. கேக்குதா? பரண்ல கொக்கரிக்குது பாரு. என் கோழிதான். புள்ள, அந்த ஏணிய எடு சுருக்கா, அங்கிட்டு ஏணி சாத்துற சத்தம் கேக்குது!