விரலைப் பார்த்து ஓடியவள்

அந்த ஆட்டம் தோற்றது என்னால்தான். அன்றைக்கு மைதானத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருத்தி என் மகள். அவளும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவள் திறக்காதது எனக்காக. நான் திறக்காததும் எனக்காகத்தான்.

நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பத்தாவது முடித்தவன். ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் டை என்கிற இரும்பு அச்சை மாட்டுகிற வேலை. இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்குப் பாகம் எடுக்கிற இடம் அது. பத்து பிரஸ் சேர்ந்து ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு எல்லாம் கைஜாடைதான். விரல்களை மூடி முட்டியைக் காட்டினால் நிறுத்து. ஆட்காட்டி விரலைத் தூக்கிச் சுற்றினால் ஓட்டு. டை மாட்டும்போது ஒருவன் கை பிரஸ்ஸுக்கு உள்ளே இருக்கும். நான் வெளியே நின்று சுவிட்ச் அருகே இருப்பவனுக்கு ஜாடை கொடுப்பேன். என் விரலை அவன் சந்தேகப்படக் கூடாது. நானும் தப்பாகக் காட்டிவிடக் கூடாது. பதினெட்டு வருஷம் அப்படி வேலை பார்த்தேன்.

பேசுவது எனக்கு எப்போதுமே சிரமம். கையால் சொல்வது சுலபமாக இருந்ததால் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு முன்னால் ஹைவேயைக் கடக்கும்போது என் மகளுக்கு நான்கு வயதிலேயே பழக்கினேன். முட்டியைக் காட்டினால் நின்ற இடத்தில் நிற்பாள். விரலைச் சுற்றினால்தான் காலெடுத்து வைப்பாள். லாரி, பஸ் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள், என் விரலை மட்டும் பார்ப்பாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கு ஒரு புது பி.டி. டீச்சர் வந்தார். பெண் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஒரு பேட், ஏழெட்டு கிளவுஸ். மரத்தூள் அடைத்த சாக்குதான் பேஸ். பேட்டால் அடித்துவிட்டு மூன்று பேஸையும் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். எனக்கு அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஊரில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவன் நான். மட்டை, பந்து, ஓட்டம், எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எங்கள் பள்ளிக்கும் சூளகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் ஆட்டம். மறு சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் மாவட்ட டீமுக்குத் தேர்வு. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆன புதிது. மாவட்டத்துக்கு என்று முதன்முதலாக ஒரு பெண்கள் டீம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. என் மகள் இரண்டு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சுதான்.

நான் பேட் பிடிக்கிற பெண்ணுக்குப் பின்னால், கயிறு கட்டிய இடத்தில் நின்றேன். பக்கத்தில் பேரிகையிலிருந்து வந்த ஒரு விவசாயி. அவர் மகளும் எங்கள் பள்ளி டீமில் ஆடினாள்.

"என்னாண்ணா, உங்க பொண்ணு மூணாவது சாக்குல நிக்குது. வந்துருமா?" என்றார்.

"வந்துருவா."

"என் பொண்ணு வீட்ல ஒரு குடம் தண்ணி தூக்காது. இங்க பாருங்க, வெயில்ல எப்பிடி நிக்குதுன்னு."

கடைசி இன்னிங்ஸ். எங்களுக்கு ஒரு ரன் வந்தால் சமம். என் மகள் மூன்றாவது பேஸில் நின்றாள். அந்தப் பக்கம் கோட்டுக்கு வெளியே டீச்சர். அடிக்கிற பெண் ஓங்கி அடித்தாள். பந்து ரொம்ப உயரத்தில், ரொம்பத் தூரத்தில் போனது.

எங்கள் ஊர் கிரிக்கெட்டில் பந்து மேலே போனால் முதல் வேலை ஓடுவதுதான். கேட்ச் பிடிப்பதற்குள் மட்டை பிடிக்கிற இருவரும் இடம் மாறிவிட வேண்டும். யோசிக்கவே இல்லை. என் விரல் மேலே போய்ச் சுற்றியது.

அவள் பார்த்தாள். ஓடினாள்.

"நில்லு, நில்லு" என்று டீச்சர் கத்தினார். பந்து கையில் விழும்வரை பேஸை விட்டு நகரக் கூடாது, விழுந்த பிறகு ஓடலாம் என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். அது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள். பாதி தூரம் வந்தபோது எதிர் டீம் பெண் ஒருத்தி கேட்ச் பிடித்துவிட்டாள். திரும்பி ஓடினாள். அவளுக்கு முன்னால் பந்து பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடித்தவளும் அவுட், இவளும் அவுட், அந்த மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் பந்துக்கு அவள் பேஸிலேயே நின்று, கேட்சுக்குப் பிறகு கிளம்பியிருந்தால் நடந்தே வந்திருக்கலாம். அவ்வளவு தூரத்தில் பிடித்தாள் அந்தப் பெண்.

டீச்சர் அவளிடம் வந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

"யாரு ஓடச் சொன்னது?"

"நானாத்தான் ஓடினேன், மிஸ்."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, மிஸ்."

"கேட்டும் ஓடின. சரி. சொன்னா கேக்காத புள்ள எனக்கு வேணாம். சனிக்கிழமை கிருஷ்ணகிரிக்கு நீ வர வேணாம்."

நான் இரண்டடி முன்னால் போனேன். டீச்சர் வேறு பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். அந்த இரண்டடியை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வீட்டுக்கு வரும்வரை டவுன் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த வாரம் முழுக்க "அப்பா, சாப்பாடு வச்சாச்சு", "அப்பா, தண்ணி வந்துருச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து பள்ளிக்கூட கேட் வரை போனேன். டீச்சர் பிள்ளைகளோடு மைதானத்தில் இருந்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமையும் போனேன். அன்றும் அப்படித்தான்.

என் மனைவியிடம் அன்று சாயங்காலம்தான் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கதான் கையக் காட்டுனீங்களா?"

"ஆமா."

"அவ ஏன் சொல்லல?"

"தெரியல."

"தெரியலயா? உங்களப் பத்து பேரு முன்னாடி டீச்சர் கேள்வி கேட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். புள்ள உங்களக் காப்பாத்திட்டு உக்காந்திருக்கா. நீங்க பள்ளிக்கூட கேட்டைப் பாத்துட்டுத் திரும்பி வர்றீங்க."

அவள் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"சனிக்கிழமை எந்த ஷிப்ட்?"

"ஃபர்ஸ்ட்."

"மாத்திக்கோங்க."

மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை காலை மகளிடம், "டிரஸ் போடும்மா, கிருஷ்ணகிரி போறோம்" என்றேன்.

"மிஸ் வர வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா."

"போடு."

ஓசூரில் ஏழே முக்காலுக்கு ஏறிய பஸ், சூளகிரி தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் தோண்டிப் போட்டு ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்வான பிள்ளைகளின் பட்டியலைப் பன்னிரண்டு மணிக்கு அதிகாரியிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பேரிகைக்காரர் சொல்லியிருந்தார். நான் டீச்சரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். அடுக்க அடுக்கக் கலைந்தது. மகள் ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். எங்களுக்கு முன்னால் நின்ற லாரி எப்போது நகரும் என்று எட்டிப் பார்ப்பதற்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

மைதானத்துக்குப் போனபோது பத்தரை. பல பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டீச்சரும் தேர்வு செய்கிறவர்களில் ஒருவர். கையில் அட்டையும் தாளும் வைத்திருந்தார். மகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு நேராகப் போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

"டீச்சர், அன்னைக்கு அவ தப்பு இல்ல. நான்தான் ஓடச் சொன்னேன்."

"நீங்க எப்ப சொன்னீங்க? உங்க சத்தமே நான் கேட்டதில்லயே, சார்."

"கையால."

பிரஸ் ஷாப்பைப் பற்றிச் சொன்னேன். ரோடு கடக்கப் பழக்கியதைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், புள்ளைக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்கிற அப்பா அம்மா நான் நெறைய பாத்துட்டேன். சரி, நீங்க சொல்றது நெசம்னே வச்சுக்குவோம். அப்ப அது இன்னும் மோசம் இல்லயா? நாளைக்குப் பெரிய மேட்ச்ல நான் நில்லுன்னு சொல்றப்ப அவ என்னைக் கேப்பாளா, கூட்டத்துல உங்க வெரலைத் தேடுவாளா?"

உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று மட்டும்தான் நினைத்து வந்திருந்தேன்.

டீச்சர் அட்டையைக் கீழே வைத்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு மூன்றாவது பேஸில் நிற்கச் சொன்னார். என்னிடம், "அன்னைக்கு எந்தப் பக்கம் நின்னீங்களோ அந்தப் பக்கமே நில்லுங்க. நான் பந்தை மேல அடிப்பேன். அன்னைக்குக் காட்டின மாதிரியே காட்டுங்க" என்றார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

நான் போய் நின்றேன். லேசாகக் காட்டலாம், தாமதமாகக் காட்டலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் தப்பான ஜாடை காட்ட என் கைக்குத் தெரியாது. அதோடு, அவளுக்குத் தெரிந்துவிடும்.

டீச்சர் அடித்தார். பந்து எழுந்தது. நான் விரலைத் தூக்கி நன்றாகச் சுற்றினேன்.

அவள் கண் என் விரலுக்கு வந்தது. அவள் கிளம்பிவிட்டாள். மூன்று நான்கு அடி வைத்தவள் சடாரென்று நின்று திரும்பிப் பாய்ந்தாள். கேட்ச் பிடித்த நேரத்தில் அவள் கால் சாக்கில் பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்றும் தெரியவில்லை.

"இன்னொண்ணு" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நெடு நேரம் பார்த்ததுபோல் இருந்தது. அப்புறம் இடது காலைச் சாக்கில் அழுத்தி வைத்து, உடம்பைத் திருப்பி, எனக்குத் தோளைக் காட்டி நின்றாள். அவள் முகம் பந்து பிடிக்கப் போகிற பெண்ணின் பக்கம் இருந்தது.

பந்து எழுந்தது. நான் விரலைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் பார்க்கவில்லை. பத்து வருஷத்தில் முதல் முறையாக என் கை சொன்னதை அவள் கேட்கவில்லை. கேட்ச் கையில் விழுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு ஓடி வந்தாள், என்னைத் தாண்டி, என் பக்கம் திரும்பாமல்.

டீச்சர் தாளில் எதையோ எழுதினார். "ரிசர்வ்ல போடறேன். பதினாறாவது ஆள். அதுக்கு மேல முடியாது, இவ்வளவு நேரம் ஆடின புள்ளைங்களுக்கு அது அநியாயம். அப்புறம் சார், நீங்க மேட்சுக்கு வர வேணாம்."

"சரிங்க டீச்சர்."

"கோவமா?"

"இல்லங்க."

பொய் சொல்லவில்லை. கோபம் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொத பந்துக்கு நான் ஓடிட்டேன்ல. அப்ப முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நீங்க காட்டாம இருந்திருக்கலாம்."

"டீச்சர் காட்டச் சொன்னாங்க."

"மெதுவாக் காட்டியிருக்கலாம்ப்பா."

"அது முடியாதும்மா."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு.

பிள்ளைகளை ஆட அனுப்புகிறவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஓரத்தில் நின்று நாம் கத்துவதும் கையாட்டுவதும் அவர்களுக்கு உதவி என்று நினைக்கிறோம். அங்கே அவர்களுக்கு ஒரு டீச்சர் இருக்கிறார், ஒரு சட்டம் இருக்கிறது, சொந்தக் கண் இருக்கிறது. நாலாவதாக நாமும் போய் நின்றால், பிள்ளை யாரைப் பார்ப்பது? அப்பாவைத்தான் பார்க்கும். அங்கேதான் கோளாறு. ஆடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மற்றவர் தப்பை உங்கள் தப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது உங்கள் அப்பாவாகவே இருந்தாலும். என் மகள் அப்படிச் செய்தாள். அதனால் எனக்கு நன்மை வரவில்லை, அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

மாவட்ட டீம் ஆடப் போன மாநிலப் போட்டி வேறு ஊரில், மூன்று நாள். நான் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் டீச்சரின் செல்லிலிருந்து பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. மனைவியும் நானும் ஓடினோம், நான் எடுத்தேன்.

"அப்பா, ரெண்டாவது மேட்ச்ல எறக்கினாங்க."

"அப்படியா? அடிச்சியா?"

"அடிச்சேன். மூணாவது பேஸ் வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"மிஸ் நில்லுன்னாங்க. நின்னேன்."

"ஜெயிச்சீங்களா?"

"இல்லப்பா, தோத்துட்டோம். அடுத்தவ அவுட் ஆயிட்டா. நான் அங்கியே நின்னேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். அம்மாகிட்ட குடுங்க."