எத்தனை அடிக்குத் தண்ணி

ஏழாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியடு உலகத்துக்கென்று வேண்டும் என்று கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற நடுநிலைப்பள்ளி. பாடப்புத்தகத்தில் ஐரோப்பா சில பக்கங்களில் முடிந்துபோகிறது. அங்கே இருக்கிற பிள்ளைகளோடு நம் பிள்ளைகளே பேசினால் என்ன? ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது. பல நாட்டு ஆசிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் விடாமல் எழுதி, நெதர்லாந்தில் ஒரு டீச்சரைப் பிடித்தும் விட்டேன்.

எங்கள் தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் கணக்குப் பாடம் எடுப்பவர்.

"ஒரு தடவை நடத்துங்க. நானும் வந்து உக்காந்து பாக்கறேன்" என்றார். "பசங்க வாயத் தொறந்தாங்கன்னா பீரியடு உங்களுது. இல்லீன்னா கணக்குக்கு எடுத்துக்குவேன். அப்பறம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்" என்றேன். தோற்கிற யோசனையே எனக்கு இல்லை.

உங்கள் தேசியப் பறவை எது, பிடித்த விளையாட்டு எது என்று ஆங்கிலத்தில் கேள்விகள் எழுதி, ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தேன். சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியடு. திரையில் இருபது முகங்கள் வந்தன. எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் 'குட் ஆஃப்டர்நூன்' பாடினார்கள். அங்கே இன்னும் காலைதான். அவர்கள் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்புதான், ஆனால் இங்கே எல்லா வாயும் பூட்டிக்கொண்டது. முதல் பையன் இரண்டு வார்த்தையோடு நின்றான். அடுத்தவள் தரையைப் பார்த்தாள். நாலாவது பிள்ளையும் உட்கார்ந்ததும், பின் பெஞ்சிலிருந்த பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். காய்ச்சலில் அந்த வாரம் முழுக்க வராதவள். அவள் கையில் என் கேள்வி எதுவும் இல்லை. அப்பா ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்க்கிணறு போடுகிறவர்.

"ஏனுங்க, உங்கூர்ல எத்தனை அடிக்குத் தண்ணி?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் புது ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும், கல்யாணப் பந்தியில்கூட, முதலில் கேட்பது இதைத்தான். அதற்காக ஐரோப்பாவிடமா? ஆனால் கைவசம் வேறு கேள்வி இல்லை. ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சுருட்டை முடிப் பையன் ஒருவன் எழுந்து, இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினான். அவ்வளவு ஆழம் குழி வெட்டினாலே தண்ணீர் நின்றுவிடுமாம்.

"மூணு அடியாம்" என்றேன்.

"மூணுன்னா முந்நூறுங்களா டீச்சர்?" என்றாள் அவள்.

"இல்லம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூணு."

"நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க. மறுக்காக் கேளுங்க."

மறுபடி கேட்டேன். அதே மூன்றுதான்.

"உங்கப்பன் அங்க வண்டி கொண்டுபோனா பட்டினிதான் புள்ள" என்றான் பின்னாலிருந்தவன்.

"எங்கப்பன் எதுக்கு? நீ ஒரு கடப்பாறையோட போ, போதும்" என்றாள் அவள், திரும்பாமலே.

அதன்பின் அவர்களை நிறுத்த முடியவில்லை. மோட்டார் இருக்கிறதா? இருக்கிறது, வயலில் நிற்கிற தண்ணீரை வெளியே இறைக்க. இறைத்த தண்ணீர்? கடலுக்குப் போகிறது. "கடலுக்கா?" என்று மூன்று பேர் ஒன்றாகக் கேட்டார்கள். நான் மூச்சுவிடாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுருட்டை முடிக்காரன் திருப்பிக் கேட்டான்: உங்கள் வீட்டில் எவ்வளவு ஆழம்?

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கூட்டுக்குப் பின்னால எங்கப்பாவே போட்டாருங்க. ஆயிரத்தி எறநூறு. புழுதிதான் வந்துச்சு."

சொன்னேன். அந்த ஊர் டீச்சர் கரும்பலகையில் எண்ணை எழுதி, மீட்டராக்கச் சொன்னார். இங்கேயும் பிள்ளைகள் நோட்டை எடுத்தார்கள். அங்கே விடை வந்துவிட்டது. இங்கே இரண்டு பேருக்குத்தான் வந்தது.

பெல் அடித்தது. பெரிய டீச்சர் எழுந்து வந்தார்.

"அடிய மீட்டராக்கத் தெரியாம முழிக்குதுங்க. என் கணக்கோட லட்சணத்த வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்டிட்டீங்க" என்றார். "பீரியட வெச்சுக்கங்க. ஆனா வாராவாரம் அதுலயிருந்து எனக்கு ஒரு கணக்கு வரோணும்."

"வருங்க டீச்சர்."

அன்று சாயங்காலமே ஏழு நாட்டு டீச்சர்களுக்கு எழுதினேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். மற்ற ஐந்து பேருக்குத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை கேள்வி எதையும் நான் தயார் செய்யவில்லை.