புதன்கிழமை தொடங்கிய கரகரப்பு

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்ந்தவர். உடல் அதைத் தள்ளிவிடாதிருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் குளிசைகளை இரண்டு வேளையும் விழுங்கினார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், பென்ரோஸ் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவருடைய கார் திருத்தத்துக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, நான்தான் அவரை ரானுயியில் உள்ள வீட்டுக்கு ஏற்றிச் சென்றேன். அவருக்குக் குரல் அடைத்திருந்தது. எனக்கு நாள்கள் மறப்பதில்லை. எங்கள் உறவுக்காரர் எல்லோரும் திகதி வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

"மச்சான், ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்கோவன்."

"பண்ணி ரெண்டு கோடு வந்தா? உங்கட மனிசி என்னை வெட்டிப்போடுவாள். நான் விழுங்கிற குளிசையளைப் பாத்தா, இடமில்லையெண்டு கொரோனாவே திரும்பிப் போயிடும்."

சனிக்கிழமை எங்கள் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. பக்குரங்காவில் மண்டபம், பல்லக்கு, வீடியோ எல்லாம் ஒழுங்குசெய்தாகிவிட்டது. தாய்மாமன் பாலில் தோய்த்த அறுகம்புல்லை, பாலறுகை, தலையில் வைக்காமல் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதில்லை. புதன்கிழமை இரவே மச்சானின் கரகரப்பைப் பற்றி மனைவியிடம் சொன்னேன்.

"அது சும்மா தடிமன். இந்தக் குளிருக்கு அண்ணாவுக்கு வருசா வருசம் வாறதுதான். நீங்கள் வாயை வைக்காதேங்கோ."

மச்சான் முகக்கவசத்தோடுதான் வந்தார். வீடியோக்காரர் கழற்றச் சொன்னதும் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

திங்கட்கிழமை சோதித்தபோது இரண்டு கோடுகள். அதற்குப் பிறகும் அண்ணனும் தங்கையும் மூடி மறைத்தார்கள். மண்டபத்துக்கு வந்த சனம் என்ன கதைக்கும்? வியாழக்கிழமை அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார். மனைவி முந்திக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை" என்றாள். சடங்குக்கு அடுத்த நாள். "இல்லை, போன கிழமை புதன்" என்றேன் நான். வைத்தியர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என் நாளையே எழுதிக்கொண்டார். மூன்று நாள் நரம்பில் ஏற்றும் மருந்து ஒன்று உண்டு, நோய் தொடங்கி ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் காலம் கடந்துவிட்டது என்றார்.

அந்த மருந்தைப் பற்றி நான் தேடித்தேடி வாசித்தேன். இந்த வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள் நீளமான ஒற்றை இழை. நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும், அது தன்னைப் பிரதி எடுக்கும் இயந்திரத்தைக் கட்டிக்கொள்கிறது. இதைப் போன்ற வேறு பல வைரஸ்கள் பிழை மலியப் பிரதி எடுப்பவை. இதனிடமோ பிழை திருத்தும் உறுப்பு ஒன்று இருக்கிறது; கடைசியாகச் சேர்த்த எழுத்து தவறானால் வெட்டி எறிந்துவிடும். அதனால் போலி எழுத்தைச் செருகி ஏமாற்றும் மருந்துகள் பல இதனிடம் தோற்றுப்போயின. நரம்பில் ஏற்றும் இந்த மருந்தின் போலி எழுத்து மட்டும் உள்ளே போனதும் பிடிபடுவதில்லை. அதற்குமேல் இன்னும் சில எழுத்துகள் சேர்ந்த பின்னரே இயந்திரம் இறுகி நிற்கும். திருத்தும் உறுப்புக்கு முனை மட்டுமே எட்டும், உள்ளே போனது எட்டாது. ஆனால் பிரதி எடுப்பது நடந்துகொண்டிருக்கும்போதுதான் இதெல்லாம். அது ஓய்ந்த பிறகு எதை நிறுத்துவது?

உடல் தானாகப் போராடட்டும் என்று வைத்தியர்கள் அடக்கும் குளிசைகளைக் குறைத்தார்கள். போராடியது. நுரையீரல் தப்பியது. கூடவே உடல் அந்த மாற்றுச் சிறுநீரகத்தையும் பகையென்று எடுத்து அழித்துவிட்டது.

"ஒரு நாள், ஒரேயொரு நாள் நீங்கள் திகதி பாக்காமல் இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில்.

ஞாயிறு என்று பொய் சொல்லி மருந்து வாங்கியிருந்தாலும் பயனில்லை, காலம் போய்விட்டது என்று பல மாதங்கள் அவளுக்கு விளக்கினேன். பிறகு இன்னொன்றை வாசித்தேன். எதிர்ப்பு அடக்கப்பட்டவர்களின் உடலில் பிரதி எடுப்பது விரைவில் ஓய்வதில்லையாம், வாரக்கணக்கில் நீளக்கூடுமாம். அப்படியானவர்களுக்குப் பிந்திக் கொடுத்தாலும் சில வேளை உதவலாமாம். மறைக்க மனமில்லாமல் அதையும் அவளிடம் சொன்னேன்.

"அப்ப என்ர பொய் அண்ணான்ர கிட்னியைக் காப்பாத்தியிருக்கும்."

"காப்பாத்தியிருக்கலாம். புதன்கிழமை டெஸ்ட் பண்ணியிருந்தா பொய்யே தேவைப்பட்டிருக்காது."

"அப்ப ஆர் வந்து பாலறுகு வைக்கிறது? நீங்களோ?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. இன்று கேட்டாலும் மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள். உறவுக்காரரும் அவள் பக்கம்தான். அவர்கள் கணக்கில் குற்றம், வைத்தியரிடம் வாயைத் திறந்த என்னுடையது. மண்டபத்தில் மச்சான் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எவருக்கும் இதில் பங்கில்லை.

செவ்வாய், வியாழன், சனி மச்சானை இரத்தம் சுத்திகரிக்கும் இடத்துக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அவள் வருவதில்லை. ஊசி குத்துவதைப் பார்க்க ஏலாதாம்.